படைப்பாற்றலுக்கு ஒரு பாடவேளை: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

“புதுசா ஏதாவது யோசிங்க” என்று வகுப்பில் சொன்னால் பெரும்பாலும் என்ன நடக்கும்? பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். வழக்கமாகக் கை தூக்கும் இருவர் கை தூக்குவார்கள். அவர்கள் சொன்னதையே மற்றவர்கள் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் கற்பனையே இல்லையோ என்று ஆசிரியருக்குத் தோன்றிவிடும். கற்பனைக்குக் குறைவில்லை. வேலையின் வரிசைதான் மாறிப்போயிருக்கிறது.

யோசனைகளைப் பெருக்குவது ஒரு வேலை. அவற்றில் நல்லதைப் பொறுக்குவது வேறு வேலை. தனியாக யோசிப்பது முதல் கட்டம். சேர்ந்து யோசிப்பது அடுத்தது. இவற்றைக் கலந்துவிட்டாலும் முன்பின்னாக மாற்றிவிட்டாலும் நல்ல வகுப்புகூடச் சுருங்கிப் போகும். ஆகவே எந்தப் படிக்கு அடுத்து எந்தப் படி, ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதினாலும், தனியாகப் படிப்பவருக்கும் வீட்டு வேலை ஒன்றில் வழி தேடுபவருக்கும் இதே வரிசை பொருந்தும். அவர்களுக்காகக் கடைசிப் பக்கத்தில் ஒரு பகுதி இருக்கிறது.

ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். பாடம் ஆவியாதல். கேள்வி இது: “வெயில் வராத ஓர் அறையில் ஈரத் துணி ஒன்றைச் சீக்கிரம் உலர்த்த வேண்டும். மின்சாரம் இல்லை, தீயும் மூட்டக் கூடாது. என்னென்ன வழிகள்?”

1. தொடங்கும் முன் என்ன தேவை

முதல் தேவை, பாடத்தின் அடிப்படை அறிவு. படைப்பாற்றல் வெறும் தலையில் முளைக்காது. பரப்பளவு கூடினால் ஆவியாதல் வேகமாகும், காற்று ஓடினால் வேகமாகும், வெப்பம் கூடினால் வேகமாகும், சுற்றியுள்ள காற்றில் ஈரப்பதம் குறைந்தாலும் வேகமாகும் என்ற நான்கும் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் இந்தக் கேள்வியைக் கொடுத்தால் ஊகம்தான் கிடைக்கும். ஆகவே பாடத்தை நடத்திவிட்டு, முடிந்தால் மறுநாள், இந்த வேலையை வையுங்கள்.

இரண்டாவது, நேரம். ஒரே பாடவேளைக்குள் எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பவர்கள் தேர்ந்தெடுக்கும் கட்டத்தை அவசரத்தில் தின்றுவிடுகிறார்கள். இரண்டு பாடவேளைகள் வேண்டும், இடையில் ஓர் இரவாவது போக வேண்டும். ஏன் என்பது 7-ஆம் படியில் வரும்.

பொருள் என்று பார்த்தால் அதிகம் இல்லை. ஆளுக்கு ஒரு முழுத் தாள், கை நிறைய துண்டுத் தாள்கள், பேனா, எல்லோருக்கும் தெரியும்படி ஒரு கடிகாரம். பென்சிலைவிடப் பேனா நல்லது. பென்சில் கையில் இருந்தால் எழுதியதை அழித்துக்கொண்டே இருப்பார்கள், யோசனை வளராது.

இன்னொன்றையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: வந்த யோசனைகள் என்ன ஆகப் போகின்றன? அடுத்த நாள் செய்து பார்ப்போமா, சுவரில் ஒட்டுவோமா, குப்பைக்குப் போகுமா? எழுதியது எங்கேயும் போய்ச் சேராது என்று மாணவருக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த முறை மனது வைத்து எழுத மாட்டார்.

2. கேள்வியை இறுக்கமாகக் கட்டுங்கள்

சுதந்திரம் கொடுத்தால் யோசனை பெருகும் என்று நினைத்து, “தண்ணீரைப் பற்றி ஏதாவது புதிதாகச் செய்யுங்கள்” என்று விட்டுவிடுகிறார்கள். இது சுதந்திரம் இல்லை, திக்குத் தெரியாத நிலை. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர் ஏற்கெனவே தெரிந்த ஒன்றில்தான் போய் ஒண்டுவார்.

நல்ல கேள்விக்கு மூன்று உறுப்புகள் இருக்கும்: அடைய வேண்டிய பலன் ஒன்று, அதைத் தடுக்கும் கட்டுப்பாடு ஒன்றிரண்டு, பலன் கிடைத்ததா என்று பார்க்க ஒரு வழி. நம் எடுத்துக்காட்டில் பலன், துணி உலர்வது. கட்டுப்பாடு, வெயிலும் மின்சாரமும் தீயும் இல்லாதது. பார்க்கும் வழி, துணியை நிறுத்துப் பார்ப்பது.

கட்டுப்பாடு எதற்கு? எல்லோருக்கும் முதலில் தோன்றும் விடையை அது மூடிவிடுகிறது. “வெயிலில் போடு”, “மின்விசிறியைப் போடு” என்ற இரண்டையும் வாசலிலேயே நிறுத்திவிட்டால், மனம் வேறு பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். கட்டுப்பாடு எது என்று தெரியவில்லையா? நீங்களே அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடம் விடை எழுதுங்கள். முதலில் வந்த இரண்டு விடைகளைத் தடை செய்யுங்கள். அவ்வளவுதான்.

மற்ற பாடங்களிலும் இதே முறைதான். கணக்கில் “8 × 3 எவ்வளவு?” என்று கேட்பதற்குப் பதில், “விடை 24, பெருக்கல் இல்லாமல், குறைந்தது ஒரு பின்னமாவது வரும்படி கேள்வியை நீங்கள் அமையுங்கள்” என்று கேட்கலாம். மொழிப் பாடத்தில் “மழை என்ற சொல்லும் நீர் என்ற சொல்லும் வராமல் மழை நாளை ஐந்து வரிகளில் எழுதுங்கள்” எனலாம். வரலாற்றில், ஓர் ஆட்சியாளர் எடுத்த முடிவைச் சொல்லாமல் அவர் முன் இருந்த நெருக்கடியை மட்டும் விவரித்து, “உங்களிடம் இருந்த வழிகள் எவை?” என்று கேட்டுவிட்டு, நடந்ததை அப்புறம் சொல்லலாம்.

கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். வாயால் மட்டும் சொன்னால் ஐந்தாம் நிமிடத்தில் ஆளுக்கொரு கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

3. மாதிரியைக் காட்டாதீர்கள்

புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான், அதுவும் நல்லெண்ணத்தோடு. மாணவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று போன ஆண்டு மாணவர் செய்ததையோ தன் யோசனை ஒன்றையோ முதலில் காட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வருபவை பெரும்பாலும் அதன் நிழல்கள்தான்.

1993-இல் ஸ்மித், வார்டு, ஷூமேக்கர் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்து எழுதினார்கள். கற்பனை உயிரினங்களை வரையச் சொல்லும் முன் சிலருக்குச் சில மாதிரிகளைக் காட்டினார்கள். மாதிரிகளில் நான்கு கால், உணர்கொம்பு, வால் இருந்தன. பார்த்தவர்களின் படங்களில் அதே உறுப்புகள் அதிகம் வந்தன. மாதிரியிலிருந்து முடிந்தவரை விலகி வரையுங்கள் என்று சொன்ன பிறகும் அந்தப் பிடி விடவில்லை.

“ஆனால் என்ன செய்ய வேண்டும் என்றே அவர்களுக்குப் புரியவில்லையே” என்று கேட்பீர்கள். அப்போது வேறு கேள்விக்கான மாதிரியைக் காட்டுங்கள். துணியை உலர்த்தும் வேலைக்கு முன்னால், “கனமான மேசையைத் தரையில் கீறல் விழாமல் நகர்த்த வழிகள்” என்று எழுதிய ஒரு பட்டியலைக் காட்டலாம். எப்படி எழுதுவது, எவ்வளவு சுருக்கமாக எழுதுவது, கிறுக்கான யோசனைக்கும் இடம் உண்டு என்பதெல்லாம் புரிந்துவிடும். விடை மட்டும் கசியாது.

4. முதலில் தனியாக, மௌனமாக

நேராகக் குழுவாகப் பிரித்து “கலந்து பேசுங்கள்” என்று விடாதீர்கள். முதல் 6 நிமிடம் ஒவ்வொருவரும் தனியாக, பேசாமல், தன் தாளில் எழுதட்டும்.

குழுவாகக் கூடி யோசனைகளைக் கொட்டும் முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற விளம்பரத் துறைக்காரர். விமரிசனத்தைத் தள்ளி வை, எண்ணிக்கையைக் கூட்டு, விசித்திரமானதை வரவேற்று எழுது, ஒன்றோடு ஒன்றைச் சேர் என்ற அவருடைய நான்கு விதிகளும் இன்றைக்கும் நல்ல விதிகள்தான். ஆனால் குழுவாகப் பேசினால் அதிகம் வரும் என்ற நம்பிக்கை சோதனையில் நிற்கவில்லை. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நால்வர் கூடிப் பேசிய குழுக்களையும், தனித்தனியே எழுதிய நால்வரின் பட்டியல்களைச் சேர்த்ததையும் ஒப்பிட்டார்கள். தனித்தனியே எழுதியவர்களிடம் கிட்டத்தட்ட இரு மடங்கு யோசனைகள் இருந்தன. டீல், ஸ்ட்ரோபே இருவரும் 1987-இல் இதற்கு முக்கியக் காரணத்தைக் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போது தன் யோசனை நழுவிவிடும்.

வகுப்பில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு மாணவி வாயைத் திறக்கப் போவார், அதற்குள் பக்கத்தில் இருப்பவர் உரக்கச் சொல்லத் தொடங்குவார், அவர் முடித்தபின் “நீ என்ன சொல்ல வந்தே?” என்று கேட்டால், “அதேதான்” என்பார். அதே இல்லை. மறந்துவிட்டார், அல்லது சொல்லத் தயங்குகிறார்.

இந்த 6 நிமிடத்தில் ஆசிரியரின் வேலை சும்மா இருப்பது. மேசை மேசையாகப் போய் எட்டிப் பார்க்க வேண்டாம். எட்டிப் பார்க்கும் நிழல் விழுந்ததும் பலர் கையால் தாளை மூடிக்கொள்வார்கள். வாய்வழிக் கேள்விகளிலும் இதே பொறுமை வேண்டும்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் பதிவு செய்தார். அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, “தெரியாது” என்ற பதில் குறைந்தது, பேசாதவர்களும் பேசினார்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். மிகச் சிறிய மாற்றம், ஆனால் இவ்வளவு பலன் தரும் மாற்றம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

5. வற்றியது போல் தோன்றும் இடத்தில் நிறுத்தாதீர்கள்

மூன்றாம் நிமிடத்தில் பேனாக்கள் நிற்கும். “முடிஞ்சிடுச்சு” என்று குரல் வரும். இங்கே நிறுத்துவதுதான் பெரிய நஷ்டம். முதலில் வருபவை எல்லோர் தலையிலும் இருப்பவை. தனக்கே உரியவை அதற்குப் பிறகுதான் வருகின்றன. நேரம் போகப்போக யோசனைகளின் எண்ணிக்கை குறையும், புதுமை கூடும் என்பது 1950-களிலிருந்து திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. லூகாஸ், நோர்ட்கிரன் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் படைப்பாற்றல் நேரம் ஆக ஆகச் சரியும் என்றே மக்கள் எதிர்பார்க்கிறார்கள், உண்மையில் அது நிலையாக நிற்கிறது அல்லது கூடுகிறது என்று கண்டார்கள். அந்தத் தவறான எதிர்பார்ப்பு உள்ளவர்கள் சீக்கிரம் கைவிட்டுவிடுகிறார்கள்.

இதை மாணவரிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்: “கொஞ்ச நேரத்தில் ஒன்றும் வராதது போல இருக்கும். அதற்குப் பிறகு எழுதுவதைத்தான் நான் தேடுகிறேன்.” தெரிந்தே எதிர்கொள்ளும்போது அந்த வறட்சி அவ்வளவு பயமுறுத்தாது.

நின்றவர்களைக் கிளப்ப, கரும்பலகையில் ஒவ்வொன்றாக ஒரு தூண்டுகேள்வி எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுத வேண்டாம். பட்டியலைப் பார்த்துக்கொண்டே நேரம் போய்விடும்.

- இதில் எதை மாற்றி வேறொன்றை வைக்கலாம்? (கயிற்றுக்குப் பதில் என்ன?)
- எதை எடுத்துவிடலாம்? (தண்ணீர் ஆவியாகித்தான் போக வேண்டுமா?)
- எதைப் பெரிதாக்கலாம், எதைச் சின்னதாக்கலாம்?
- எதைத் தலைகீழாக்கலாம்? (துணி நிற்க, காற்று நகர்கிறது. காற்று நிற்க, துணி நகர்ந்தால்?)
- வேறு எங்கே இதே பிரச்சினை தீர்ந்திருக்கிறது? (நனைந்த நாய் என்ன செய்கிறது?)

“எதை எடுத்துவிடலாம்” என்ற கேள்வி இந்தப் பாடத்தில் அருமையாக வேலை செய்யும். அதுவரை எல்லோரும் ஆவியாதலைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் ஆவியாகாமலும் துணியை விட்டுப் போகலாம் என்று ஒருவருக்குப் பொறி தட்டும்: உலர்ந்த துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் ஈரத் துணியை வைத்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி முறுக்கினால், ஈரத்தின் பெரும்பகுதியைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும். பாடநூலின் தலைப்பு ஆவியாதல் என்பதால் இந்த விடையைத் தள்ளிவிடாதீர்கள். பாடத்தின் எல்லை எது என்று மாணவர் கண்டுபிடித்திருக்கிறார்.

6. அப்புறம் தாள் சுற்றட்டும்

இப்போது குழு. ஆனால் இன்னும் பேச்சு வேண்டாம். பெர்ன்ட் ரோர்பாக் 1968-இல் வெளியிட்ட 6-3-5 முறையைக் கொஞ்சம் தளர்த்திப் பயன்படுத்தலாம். அந்த முறையில் 6 பேர், ஆளுக்கு 3 யோசனை, 5 நிமிடம். பிறகு தாள் அடுத்தவருக்குப் போகும். ஆறு சுற்று முடிந்தால் அரை மணி நேரத்தில் 108 யோசனைகள்.

வகுப்புக்கு அவ்வளவு தேவையில்லை. நால்வர் குழு, ஒவ்வொரு சுற்றுக்கும் 3 நிமிடம், நான்கு சுற்று போதும். தாள் கைக்கு வந்ததும் மேலே உள்ளதைப் படித்துவிட்டு, ஒன்றை எடுத்து வளர்க்கலாம், இரண்டைச் சேர்க்கலாம், அல்லது புதிதாக ஒன்று எழுதலாம். ஒரே விதி: அடித்தல் கூடாது, “இது நடக்காது” என்று எழுதக் கூடாது.

ஒரு தாளை அருகில் வைத்துப் பாருங்கள். முதல் கையெழுத்து: “பக்கத்தில் உப்பு டப்பாவைத் திறந்து வை.” பேச்சாக இருந்திருந்தால் குழு சிரித்திருக்கும், யோசனை அங்கேயே செத்திருக்கும். இரண்டாவது கையெழுத்து: “உப்பு மழைக்காலத்தில் நீர் விடுமே, அப்படியென்றால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது.” மூன்றாவது: “உப்பு மெதுவாகத்தான் இழுக்கும். வேறு எது வேகமாக இழுக்கும்? அதையும் துணியையும் ஒரு மூடிய பெட்டியில் வைத்தால்?” நான்காவது கை, கோணல் மாணலாக ஒரு பெட்டி வரைந்து, அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அடுக்கி அம்புக்குறி போட்டிருக்கிறது. உப்பு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்க்கத் தொடங்கும் என்பதால் முதல் யோசனை அப்படியே பலிக்காது. ஆனால் ஈரப்பதத்தைக் குறைப்பது என்ற நான்காவது காரணியை அந்தக் குழுதான் தொட்டது.

பேசத் தயங்குபவர், மொழி தடுமாறுபவர், வகுப்புக்குப் புதிதாக வந்தவர் எல்லோரும் இந்தச் சுற்றில் சம பங்கு பெறுகிறார்கள். நான் இந்தப் படியை எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்காததற்கு அதுவே முதல் காரணம்.

7. இடைவெளி விடுங்கள்

இங்கே முதல் பாடவேளையை முடித்துவிடுங்கள். தாள்களைச் சேகரித்து வையுங்கள். ஒரு பிரச்சினையில் ஊறிய பிறகு அதைவிட்டு விலகியிருப்பது பலன் தருகிறது என்பதற்கு ஆய்வுகளின் ஆதரவு இருக்கிறது. பல வழிகள் உள்ள, பரவலாக யோசிக்க வேண்டிய கேள்விகளில் இந்தப் பலன் தெளிவாகவே தெரிகிறது.

வீட்டுப்பாடமாக எழுதச் சொல்லாதீர்கள். “கேள்வி மனதில் இருக்கட்டும், ஏதாவது தோன்றினால் குறித்துக்கொண்டு வாருங்கள்” என்பதே போதும். கட்டாயப்படுத்தினால் அது இடைவெளி இல்லை, இன்னொரு பாடவேளை.

8. பொறுக்கி எடுப்பது

இரண்டாம் பாடவேளை இங்கிருந்து தொடங்குகிறது. விமரிசனம் இப்போது உள்ளே வரலாம், வர வேண்டும். இத்தனை நேரம் அதை வெளியே நிறுத்தியிருந்தது இந்தக் கட்டத்துக்காகத்தான். “எல்லா யோசனையும் நல்ல யோசனைதான்” என்று சொல்லி முடித்துவிடுபவர்கள் மாணவருக்குப் பாதி வேலையை மட்டுமே கற்றுத் தருகிறார்கள்.

முதலில் அளவுகோலைக் கரும்பலகையில் எழுதுங்கள், அதையும் மாணவரே சொல்லட்டும். துணி உலர்த்தும் கேள்விக்கு மூன்று போதும்: வேகம், கையில் உள்ள பொருளால் செய்ய முடிவது, துணி கெடாமல் இருப்பது. அளவுகோல் இல்லாமல் “எது பிடிச்சிருக்கு?” என்று கேட்டால், பிடித்த நண்பரின் யோசனைதான் ஜெயிக்கும்.

பிறகு ஒவ்வொருவருக்கும் மூன்று புள்ளிகள். பேசாமல் தாள்களில் புள்ளி வைக்கட்டும். அதிகப் புள்ளி பெற்ற இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே மூன்றாவதாக ஒன்று: புள்ளி குறைவாக இருந்தாலும் “இதை நாங்கள் எங்கேயும் பார்த்ததில்லை” என்று குழு ஒப்புக்கொள்ளும் யோசனை. இந்த மூன்றாவது இடத்தை ஒதுக்காவிட்டால் பாதுகாப்பான யோசனைகள்தான் கடைசியில் மிஞ்சும். பெரும்பான்மைக்குப் பழகியதுதான் பிடிக்கும்.

தேர்ந்தெடுத்ததைக் கண்மூடி ஏற்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் “இதில் என்ன வேலை செய்யும்? எது இடறும்? இடறுவதை எப்படிச் சரி செய்யலாம்?” என்று இதே வரிசையில் கேளுங்கள். இடறுவதிலிருந்து தொடங்கினால் அந்த யோசனையை உருவாக்கியவர் தற்காப்பில் இறங்கிவிடுவார், சரி செய்யும் இடத்துக்கு வந்து சேரவே மாட்டார்.

9. செய்து பாருங்கள், மட்டமாகவே

யோசனை தாளில் இருக்கும்வரை எல்லாமே அழகுதான். ஒரே அளவில் வெட்டிய துணித் துண்டுகளை ஒரே அளவு தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு குழுவும் தன் வழியில் உலர்த்தட்டும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை தராசில் நிறுத்து எழுதட்டும். ஒப்பிட்டுப் பார்க்க, எதுவும் செய்யாமல் மடித்துப் போட்ட துணி ஒன்று தனியாக இருக்கட்டும். அது இல்லாவிட்டால் எந்த எண்ணுக்கும் அர்த்தம் கிடையாது.

முதல் சோதனை மட்டமாக, சீக்கிரமாக முடிய வேண்டும். அழகாகச் செய்த மாதிரியை மாற்ற யாருக்கும் மனம் வராது. கயிறும் கிளிப்பும் வைத்துக் கட்டியதை ஒரு நொடியில் அவிழ்த்துவிடலாம். கயிற்றின்மேல் துணியை மடித்துப் போட்ட குழு, இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நடுவில் இன்னொரு கயிறு கட்டிக் கூடாரம் போல விரிப்பதைப் பார்ப்பீர்கள். பரப்பளவு என்ற சொல்லை யாரும் உச்சரிக்காமலேயே அதன் பொருள் அவர்கள் கைக்கு வந்துவிடும்.

ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டை மாற்றினால் எதனால் வேகம் கூடியது என்று தெரியாது.

10. கருத்து முதலில், மதிப்பெண் பிறகு, முடிந்தால் வேண்டாம்

1988-இல் ரூத் பட்லர் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு பகுதி மாணவருக்கு அவர்கள் வேலையைப் பற்றிய கருத்து மட்டும், இன்னொரு பகுதிக்கு மதிப்பெண் மட்டும், மூன்றாவது பகுதிக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் அடுத்த வேலையின் தரமும் மேலாக இருந்தன. இரண்டையும் பெற்றவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. எண் கண்ணில் பட்டதும் எழுத்தின் பலன் போய்விடுகிறது. ஆகவே மதிப்பெண் கட்டாயம் என்றால்கூட, கருத்தைக் கொடுத்து, அதன்படி திருத்த நேரமும் கொடுத்து, கடைசியில் போடுங்கள்.

பரிசு விஷயத்திலும் கவனம் வேண்டும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும், தாமாகவே ஆசையாக வரைந்துகொண்டிருந்த சிறு குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசுச் சான்று உண்டு என்று முன்கூட்டிச் சொன்னார்கள். பரிசு முடிந்து சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி அளவு நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் இந்தச் சரிவு இல்லை. “சிறந்த யோசனைக்குப் பரிசு” என்று தொடக்கத்தில் அறிவிப்பதை நான் எப்போதும் வேண்டாம் என்றே சொல்வேன்.

கருத்து எப்படி இருக்க வேண்டும்? “அருமை”, “இன்னும் முயற்சி செய்” இரண்டும் ஒன்றுக்கும் உதவாது. நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: “மூன்றாவது சுற்றில் மற்றவர் எழுதியதை எடுத்து வளர்த்திருக்கிறாய், அங்கேதான் பெட்டி என்ற யோசனை பிறந்தது.” எதைப் பார்ப்பது என்று தெரியாதவர்களுக்குக் கில்ஃபோர்டு என்ற உளவியலாளர் வகுத்த நான்கு கோணங்கள் கைகொடுக்கும். எத்தனை யோசனை, எத்தனை வகை, எவ்வளவு அபூர்வம், எவ்வளவு விரிவு. ஒருவர் 20 எழுதியும் எல்லாமே காற்றைப் பற்றியது என்றால், அடுத்த முறை அவருக்குச் சொல்ல வேண்டியது “வேறு வகை தேடு” என்பதே. இன்னொருவர் ஐந்தே எழுதி ஐந்தும் ஐந்து வகை என்றால், “ஒன்றைப் பிடித்து விரி” என்று சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

11. வகுப்பறைக்கு வெளியே, தனியாக

தனியாகப் படிப்பவருக்குத் தாளைச் சுற்ற ஆள் இல்லை. அதற்கு ஈடாகக் காலத்தைப் பயன்படுத்தலாம். இன்று 6 நிமிடம் எழுதி மடித்து வையுங்கள். நாளை அதை வேறொருவர் எழுதியது போலப் படித்து, ஒன்றைப் பிடித்து வளருங்கள். மூன்றாம் நாள் பொறுக்குங்கள். தினம் கொஞ்ச நேரம் போதும்.

வீட்டிலும் அப்படியே. அலமாரியில் இடம் போதவில்லை, காலையில் எல்லோரும் கிளம்புவதற்குள் ஒரே கலவரம், குழந்தை பல் துலக்க மறுக்கிறது, எதுவானாலும் முதலில் கேள்வியை ஒரு கட்டுப்பாட்டோடு எழுதுங்கள்: “புதிதாக எதையும் வாங்காமல்”, “யாரும் சீக்கிரம் எழுந்திருக்காமல்”. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதட்டும், பிறகு தாளை மாற்றிக்கொள்ளட்டும். பெரியவர் முதலில் பேசினால் சின்னவர் அதையே ஒப்பிப்பார். ஆகவே படிக்கும்போது வயதில் சின்னவரிடமிருந்து தொடங்குங்கள்.

நடப்பதும் உதவும். ஓப்பெஸோ, ஷ்வார்ட்ஸ் 2014-இல் செய்த சோதனைகளில், உட்கார்ந்திருந்தபோது வந்ததைவிட நடக்கும்போது அதிக யோசனைகள் வந்தன, சுவரைப் பார்த்தபடி நடைப்பயிற்சி இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும்கூட. ஆனால் ஒரே சரியான விடையைத் தேடும் வேலைக்கு நடை உதவவில்லை. பெருக்கும்போது நடங்கள், பொறுக்கும்போது உட்காருங்கள்.

யோசனைகளுக்கென்று ஒரு நோட்டு, தேதியோடு. கைபேசியிலும் எழுதலாம், ஆனால் அங்கே எழுதுவதைத் திரும்பப் பார்ப்பவர்கள் குறைவு. வாரத்தில் ஒரு நாள் பழைய பக்கங்களைப் புரட்டி, இரண்டைச் சேர்த்துப் பார்ப்பதுதான் நோட்டின் முழுப் பயன்.

12. எங்கே மாட்டிக்கொள்வீர்கள்

*எல்லோரும் வேடிக்கையாகவே எழுதுகிறார்கள்.* முதல் தடவையில் இது சகஜம். தடுக்க வேண்டாம். பொறுக்கும் கட்டத்தில் அளவுகோல் வந்ததும் தானாக அடங்கும். மூன்றாவது தடவையும் தொடர்ந்தால், கேள்வி அவர்களுக்குப் பொருட்டாக இல்லை என்று பொருள். கேள்வியை மாற்றுங்கள்.

*ஒருவர் தாளே வெறுமையாக இருக்கிறது.* பெரும்பாலும் தவறாகிவிடுமோ என்ற பயம், சில நேரம் பாடம் புரியாமை. “நடக்கவே நடக்காத ஒரு வழி எழுது” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகருங்கள். பயம் என்றால் எழுதத் தொடங்குவார். அப்போதும் எழுதவில்லை என்றால் 1-ஆம் படிக்குத் திரும்பி அடிப்படையைச் சொல்லிக்கொடுங்கள்.

*பாடத்திட்டம் முடிக்க நேரமில்லை.* எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. ஒரே விடை உள்ள, மனத்தில் பதிய வேண்டிய பாடங்களுக்கு நேரடியாகக் கற்பிப்பதே நல்லது. ஒரு காரணிக்கு மேல் ஒன்றோடொன்று மோதும் பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். மாதத்துக்கு ஒன்று கிடைத்தாலே போதும். இடைப்பட்ட நாட்களில் 4-ஆம் படியை மட்டும், அதாவது பேசும் முன் இரண்டு நிமிடம் தனியாக எழுதுவதை, எந்தப் பாடத்திலும் வைத்துக்கொள்ளலாம்.

*உங்கள் யோசனையைச் சொல்ல வாய் துடிக்கிறது.* ஒரு தாளில் எழுதி, மற்றத் தாள்களோடு பெயரில்லாமல் சுற்றில் விடுங்கள். அதற்குப் புள்ளி விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டாலும் அது யாருடையது என்று சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த தடவை எல்லோரும் உங்கள் கையெழுத்தைத்தான் தேடுவார்கள்.